ஏற்றத்தைச் சோதிக்கிறோம், இறக்கத்தை விட்டுவிடுகிறோம்

பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மலைப்பாதையில் ஓடுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். சிலர் கையில் விஓ2 மேக்ஸ் ரிப்போர்ட்டோடு வருவார்கள், சிலர் வாட்சைக் காட்டுவார்கள். "நம்பர் நல்லாத்தானே இருக்கு மேடம், அப்புறம் ஏன் முட்டி வலிக்குது?" என்பதுதான் கேள்வி.

உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதை அந்த விஓ2 மேக்ஸ் நம்பர் சொல்லும். ஏற்றத்துக்கு அது வேண்டும். இறக்கத்தில் தொடை தாங்குமா என்பது அதில் தெரியாது. இறங்கும்போது மூச்சு அவ்வளவாக வாங்காது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. தசை நார்கள் அதிகம் அடிபடுவது அப்போதுதான். சமதளமான கப்பன் பார்க்கில் மட்டும் ஓடிப் பழகியவர்கள் ஸ்கந்தகிரி மலைக்குப் போய்வந்த மறுநாள் மாடிப்படி இறங்கத் திணறுவது இதனால்தான்.

அதனால் 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கச் சொல்வேன். முட்டி உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பார்ப்பேன். ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் சோதனையும் உண்டு; 25 தடவை என்பது பொதுவாக வைத்துப் பார்க்கும் அளவு. வந்தவுடன் செய்யச் சொன்னால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். கால் நன்றாகச் சோர்ந்த பிறகு இன்னொரு முறை செய்யச் சொல்ல வேண்டும். ஓர் ஐடி இளைஞருக்கு முதலில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தன. ஓடிவிட்டு வந்ததும் படியில் இறங்கச் சொன்னால் இடது முட்டி ஆறாவது தடவையிலேயே உள்பக்கம் சாய்ந்தது. அவருக்கு வலி இருந்ததும் அதே முட்டியில்தான்.

இன்னொன்று. ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, எந்தச் சோதனைக்கும் முன்னால் இதய மருத்துவரைப் பாருங்கள். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் அதிகபட்ச இதயத்துடிப்புக் கணக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். நிமிடத்துக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் தவறலாம்.

ரேஸுக்கு முந்தின வாரம் சோதிக்க வந்தால் என்னால் அதிகம் செய்ய முடியாது. தசை வலுப்பெறவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டு, மூன்று மாதம் முன்பே வாருங்கள். ரேஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள் மிதமான சரிவில் இறங்கி ஓடுங்கள். அந்த ஒருநாள் பழக்கமே அடுத்த சில வாரங்களுக்குத் தொடையை ஓரளவு காப்பாற்றும்.