புலனத்தில் வந்த கல்யாணப் பத்திரிகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி, கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் அக்கா வந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். "தம்பி, போன் ரொம்ப சூடாகுது, பாத்துக் குடு" என்றார். கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு நானாகக் கேட்ட பிறகுதான் அழுதார். வங்கியில் பணம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மகனுக்குக்கூடச் சொல்லவில்லை.

சொந்தக்காரர் எண்ணிலிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. அது படமில்லை, ஏபிகே கோப்பு. தொட்டால் செயலியாக ஏறி உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து வரும் செயலியை ஏற்றலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கத்தான் செய்தது, ஆங்கிலத்தில். குறுஞ்செய்தியைப் படிக்கவும் அனுமதி கேட்டது. அதற்கும் சரி என்று அழுத்திவிட்டார். அப்புறம் மொய் அனுப்ப வங்கிப் பக்கம் மாதிரி ஒன்று வந்தது. கடவுச்சொல் அதில் போனது, வங்கி ஒருமுறைக்கு மட்டும் அனுப்பும் எண்ணான ஓடிபி, அந்தச் செயலி படித்த குறுஞ்செய்தியில் போனது. குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடச் சொல்லி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-லேயே வங்கிகளிடம் கூறியது இந்த மாதிரித் திருட்டுகளால்தான்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்தக்காரர் பத்திரிகை அனுப்பினால் யார்தான் திறக்காமல் இருப்பார்? அதோடு அது மகன் புதுசு வாங்கியதும் கொடுத்த பழைய கைப்பேசி; பாதுகாப்பு அப்டேட் நின்று வருடக்கணக்காகிறது.

அப்டேட் போடாமல் விடுவதில் கடைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. இணைய லைன் மெதுவாக இருக்கிறதென்று வாடிக்கையாளர் கணினிகளில் அப்டேட்டை நிறுத்தி வைத்தவன்தான் நானும். (இப்போது தேடிப்போய்ப் போட்டுவிடுகிறேன்.) 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டவுனில் பல கடைகளின் கல்லாக் கணினிகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன.

பணம் போனால் முதலில் என்னிடம் வராதீர்கள். இணையத்தை அணையுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியையும், 997-இல் தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தையும் உடனே அழையுங்கள். பணம் யார் யார் பெயரிலோ உள்ள கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே போகும். தாவி முடிவதற்குள் மறிக்க வேண்டும். அக்கா வெட்கப்பட்டு வீட்டில் இருந்த இரண்டு நாளும் திருடனுக்குத்தான் லாபம்.

பத்திரிகை அனுப்பிய சொந்தக்காரரிடமும் பேசினேன். வீட்டில் கல்யாணமே இல்லையாம். பள்ளி நண்பர் எண்ணிலிருந்து யாரோ கேட்க, கைப்பேசிக்கு வந்த, புலனக் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லி, தன் புலனத்தையே பறிகொடுத்திருக்கிறார். அந்த நண்பரை இனிமேல்தான் பிடிக்க வேண்டும்.