வீக்கம் வேறு, அழற்சி வேறு

நாளிதழின் மருத்துவப் பக்கம், வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் உடல்நலக் குறிப்பு, மஞ்சளின் மகிமை பேசும் யூடியூப் காணொளி என்று எதை எடுத்தாலும், இன்ஃப்ளமேஷன் (inflammation; நோயையோ காயத்தையோ எதிர்த்து உடல் காட்டும் கொதிப்பு) வரவேண்டிய இடத்தில் 'வீக்கம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'உடல் வீக்கத்தைக் குறைக்கும் உணவுகள்', 'நாள்பட்ட வீக்கம் மாரடைப்பைத் தூண்டும்' என்று தலைப்பு போடுகிறார்கள். அண்மையில் சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த துண்டறிக்கையில், 'சிஆர்பி: உங்கள் உடலில் உள்ள வீக்கத்தை அளக்கும் சோதனை' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதைப் படித்துவிட்டு வேட்டியை லேசாகத் தூக்கித் தன் கணுக்காலைப் பார்த்தார். "எனக்கு எங்கயும் வீங்கலையேம்மா, எதுக்கு இந்த டெஸ்ட்டு?" என்று கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "டாக்டர் எழுதியிருக்காரு சார்" என்று பதில் வந்தது. துண்டறிக்கையை நம்பிய மனிதர் வேறு எப்படிக் கேட்பார்?

இன்ஃப்ளமேஷனுக்குச் சரியான தமிழ் 'அழற்சி'. அழல் என்றால் தீ, வெம்மை. 'அழல்போலும் மாலை' என்று குறளிலேயே (1228) இருக்கிறது. முயல் முயற்சி ஆனதுபோல, சுழல் சுழற்சி ஆனதுபோல, அழல் அழற்சி ஆனது. லத்தீனிலும் இதே கதைதான்: 'இன்ஃப்ளமாரே' என்றால் தீ மூட்டுவது. வீக்கம் 'வீங்கு' என்பதிலிருந்து வருவது, தூங்கு தூக்கம் ஆவதுபோல. சொல்லின் பிறப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

வீக்கம் இங்கே எப்படி நுழைந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சந்தேகம் உண்டு. இன்ஃப்ளேஷன் என்றால் பணவீக்கம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அதன் பக்கத்து வீட்டுக்காரன் போலத் தெரிகிற இன்ஃப்ளமேஷனுக்கும் கை தானாக 'வீக்கம்' என்று போட்டுவிடுகிறது. உண்மையில் இரண்டுக்கும் வேர் வேறு: ஒன்று காற்றை ஊதிப் பெருக்குவது, மற்றது தீ வைப்பது. இயந்திர மொழிபெயர்ப்பும் இந்தத் தவறையே செய்கிறது. மனிதர்கள் எழுதிவைத்த தவறைப் படித்துத்தானே அது கற்றது! இப்போது இயந்திரம் சொல்வதை மனிதர்கள் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். இனி யார் யாரைத் திருத்துவது?

முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அந்த உறுப்பு வேலை செய்யாமல் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பின்னால் சேர்ந்தது. ஆக வீக்கம் என்பது அழற்சியின் அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். அதை முழுவதற்கும் பெயராக வைத்துவிட்டு, அதே நான்கு அடையாளங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'வீக்கத்தின் அறிகுறிகள்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி.' இப்படி ஒரு வாக்கியத்தை நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஒருமுறை திரும்பப் படித்திருந்தால்கூடக் கண்ணில் பட்டிருக்கும். செல்சஸ் வீக்கத்துக்கு எழுதிய லத்தீன் சொல் எது தெரியுமா? டூமர். இன்று கட்டிக்குச் சொல்கிறோமே, அதே சொல்.

"அழற்சி என்றால் யாருக்கு சார் புரியும்? வீக்கம் என்றால் பாட்டிக்கும் புரியும்" என்பார்கள் எதிர்த்தரப்பில். பாட்டிக்குப் புரிகிறது, சரி. தப்பாகப் புரிகிறதே, அதுதான் எனக்குக் கவலை. எளிமைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்த எளிமை மருந்துக் கடை வரை போகிறது.

இதயம் பலவீனமான ஒருவருக்குக் கால் வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் அழுத்தினால் குழி விழுந்து, சற்று நேரம் அப்படியே நிற்கும். சூடு இல்லை, சிவப்பு இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை. இது நீர் கோத்த வீக்கம், அழற்சி கிடையாது. டாக்டர் இதற்கு நீர் மாத்திரை தருவார். இவர் ஏதோ ஒரு குறிப்பில் 'வீக்கம் குறைக்கும் மாத்திரை' என்று டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் பெயர்களைப் படிக்கிறார். மூலத்தில் இருந்தது 'அழற்சி எதிர்ப்பு மருந்து'. கடையில் கேட்டால் வலி மாத்திரைதானே, கொடுத்துவிடுவார்கள். அந்த மாத்திரை, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற அதே புரோஸ்டாகிளாண்டின் தேவை. அதைத் தடுத்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், கால் இன்னும் வீங்கும், இதயம் இன்னும் திணறும். அழற்சியைக் குறைக்கிற மருந்து வீக்கத்தைக் கூட்டுகிறது! ஸ்டீராய்டும் இதே ரகம்தான்: அழற்சியை அடக்கும், கூடவே உடம்பில் நீரைத் தங்கவைக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? 'வீக்கத்தைக் குறைக்கும் மருந்து வீக்கத்தை அதிகரிக்கும்' என்றா?

ரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் உப்புகிறது. அதிலும் அழற்சி இல்லை. கல்லீரல் வீக்கம் என்பது கல்லீரல் பெரிதாவது. ஹெபடைடிஸ் கல்லீரல் அழற்சி. இரண்டும் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். ரத்தக்குழாய் வீக்கம் என்று சொன்னால் குழாயின் ஒரு பகுதி பலூன் போல உப்பும் அனியூரிசம். ரத்தக்குழாய் அழற்சி என்பது முற்றிலும் வேறு நோய். நுரையீரல் வீக்கம் என்று எழுதினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதா, நிமோனியாவா, யாருக்குத் தெரியும்?

ஆராய்ச்சி போகிற திசையைப் பார்த்தால் வீக்கம் என்ற சொல் இன்னும் அபத்தமாகிறது. இன்று பேசப்படும் அழற்சியில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாதது. ஈஎஸ்ஆர் சோதனையில் ரத்தத்தை ஒரு நீளக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி, அணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வேகமாக இறங்கும். சிஆர்பி 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம். எங்கோ அழற்சி என்று தகவல் போனால் கல்லீரல் அதை உண்டாக்குகிறது. மேலே சொன்ன பெரியவருக்கு எங்குமே வீங்கியிருக்க வேண்டியதில்லை. பல்லீறிலோ மூட்டிலோ இதய நாளத்தின் உட்சுவரிலோ சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருந்தால் போதும்.

2017இல் வெளியான கான்டாஸ் ஆய்வு, மாரடைப்பு வந்து சிஆர்பியும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம் கானகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தது. அது கொழுப்பைத் தொடவில்லை, அழற்சியை மட்டும் குறைத்தது. 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15% குறைந்தன. இதன் சாரம் 'அழற்சியைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லது' என்பது. 'வீக்கத்தைக் குறைத்தால்' என்று எழுதினால் இதயம் வீங்கியவர்களுக்கான மருந்து என்றுதான் படிப்பவர் நினைப்பார். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே நோக்கத்துக்காக கோல்கிசினை 0.5 மில்லிகிராம் அளவில் அனுமதித்தது. காலங்காலமாக கௌட் என்ற மூட்டு நோய்க்குக் கொடுத்துவந்த மருந்து. அந்த கோல்கிசின் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. ஊரில் கண்வலிக் கிழங்கு என்பார்கள். விஷச் செடி, செய்தியைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தோண்டக் கிளம்பிவிட வேண்டாம்.

அழற்சிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் ழகரம் படும் பாடு தெரிந்ததுதான். 'அலற்சி' என்று ஒருவர் சொல்ல, கேட்பவர் 'அலர்ஜி' என்று எடுத்துக்கொள்கிறார். அலர்ஜியைத்தான் தூய தமிழில் அழற்சி என்கிறார்கள் என்று உறுதியாக நம்பும் படித்தவர்கள் எத்தனையோ பேர். அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒவ்வாமையால் அழற்சி வரலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இந்தக் குழப்பத்தைக் காட்டி அழற்சியைக் கைவிடச் சொல்பவர்களிடம் நான் கேட்பது: உச்சரிப்பைத் திருத்துவது எளிதா, ஒரு துறையின் அடிப்படைச் சொல்லை மாற்றுவது எளிதா?

சித்த மருத்துவத் தரப்பிலிருந்து ஓர் ஆட்சேபம் உண்டு. அவர்களுக்கு வளி, அழல், ஐயம் என்றால் வாதம், பித்தம், கபம். ஆகவே அழற்சி என்றால் பித்தக் கோளாறு போலத் தொனிக்கும் என்கிறார்கள். நியாயம் இருக்கிறது. ஆனால் அழல் வேறு, அதிலிருந்து பிறந்த அழற்சி வேறு. இடம் பார்த்துப் படித்தால் குழம்பாது. பழைய மருத்துவ நூல்களில் வரும் 'தாபிதம்' பொருளில் பழுதில்லாதது. அதுவும் சூட்டைத்தான் குறிக்கிறது. ஆனால் அது வடமொழிச் சொல், இன்றைக்கு வழக்கிலும் இல்லை. வீக்கத்தைவிட அது எவ்வளவோ மேல் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர்கள் போட்டுக் குழப்புவதை வீட்டில் பேசுகிறவர்கள் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறார்கள். காலில் 'நீர் கோத்திருக்கு' என்பது ஒன்று. செருப்பு கடித்த இடம் 'கன்னிப் போச்சு' என்பது இன்னொன்று. காலில் புண் வந்து தொடை இடுக்கில் கட்டினால் 'நெறி கட்டியிருக்கு' என்கிறார்கள். கட்டி பழுக்கும்போது 'விண்விண்ணுன்னு தெறிக்குது' என்கிறார்கள். நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் ஐ வந்தால் கண் சிவந்து, இமை தடித்து, மணல் விழுந்ததுபோல உறுத்தும். அதற்கு யாராவது 'கண் வீக்கம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதன் மருத்துவப் பெயரில் விழிவெண்படல அழற்சி என்று சரியாகவே இருக்கிறது. பொதுமக்களுக்கு எழுதும்போது மட்டும் ஏன் இந்த வீக்கப் பித்து?

துண்டறிக்கை அச்சடிப்பவர்களுக்கு நான் சொல்வது எளிது. நீர் கோத்து வீங்கும் ஈடிமாவுக்கு நீர்க்கோவை அல்லது நீர்வீக்கம், ஓர் உறுப்பு பெரிதானால் வீக்கம், இன்ஃப்ளமேஷனுக்கு அழற்சி. முதல்முறை வரும்போது 'உடலுக்குள் ஏற்படும் அழற்சி, அதாவது நோயையோ காயத்தையோ எதிர்த்து உடல் காட்டும் கொதிப்பு' என்று ஒரு வரி சேருங்கள்; பாட்டிக்கும் புரியும். அப்புறம், அழற்சியை 'அழற்ச்சி' என்று எழுதாதீர்கள். றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது. முயற்சிக்கு யாரும் ச் போடுவதில்லை.