எம்டிஆர் டிபி: மாத்திரை ஒருத்தருக்கு, டெஸ்ட் வீட்டுல எல்லாருக்கும்

எம்டிஆர் டிபி, அதாவது வழக்கமான முக்கிய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்னு ரிப்போர்ட் வந்ததும் வீட்டுல இருக்கிறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா டாக்டர்ங்கறதுதான். வேணாங்க. தட்டுல இருந்து டிபி ஒட்டாது, நோயாளி இருமும்போது காத்துல கலக்குற கிருமிய ஒரே ரூம்ல மணிக்கணக்கா சுவாசிக்கிறதுனாலதான் வருது, அதுலயும் என்ன நோய்னே தெரியாம எல்லாரும் பக்கத்துல பக்கத்துல படுத்துத் தூங்கின மாசங்கள்லதான் பெரும்பாலும் பரவியிருக்கும். ஜன்னல திறந்து வைங்க, அவர் மாஸ்க் போடட்டும். ஆனா நீங்க எல்லாரும் டெஸ்டுக்கு வரணும், அதுதான் முக்கியம்.

எங்களுக்கு இருமலே இல்லையேம்பாங்க. கிருமி உள்ள போனதும் நோய் வந்துடாது, சத்தமில்லாம கிடக்கும். வெளிய வர்றது நிறைய பேருக்கு முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளதான், அதனால முதல் எக்ஸ்ரே நார்மல்னு வந்தா அதோட விட்றாதீங்க. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க, எச்ஐவி இருக்கிறவங்கன்னா இன்னும் கவனம்.

ஒரு பொண்ணு, அப்பாவுக்கு எம்டிஆர். முதல் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, ஏழு மாசம் கழிச்சு காய்ச்சல், எடை குறைஞ்சிருக்கு, வேற இடத்துல காட்டியிருக்காங்க, கூச்சத்துல அப்பா விஷயத்த சொல்லல. சாதாரண டிபி மாத்திரையே மூணு மாசம் ஓடியிருக்கு, கேக்கவே இல்ல. மாத்திரைய ஒழுங்கா போடாதவங்களுக்குத்தான் இந்த டிபி வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இந்தப் பொண்ணு அதுவரைக்கும் டிபி மாத்திரைய தொட்டதே இல்ல, டிபிக்கு முக்கியமா கொடுக்கிற ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ரெண்டு மருந்துக்கும் அடங்காத கிருமியே அப்பாகிட்ட இருந்து நேரா வந்துடுச்சு. வீட்டுல யாருக்கு எம்டிஆர்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல சொல்லுங்கன்னு அன்னிக்கே நான் அழுத்தி சொல்லியிருக்கணும்.

இப்ப தடுப்புக்கும் மருந்து இருக்கு. தென்னாப்பிரிக்காவுல குழந்தைங்ககிட்டயும் வியட்நாம்ல பெரும்பாலும் பெரியவங்ககிட்டயும் லிவோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரைய கொடுத்துப் பாத்தாங்க, ரெண்டு ஆய்வையும் சேத்துப் பாத்தப்ப நோய் வர்றது சுமார் 60 சதவீதம் குறைஞ்சிருந்துது, 2024-ல உலக சுகாதார நிறுவனமும் தினமும் ஒரு தடவைன்னு 6 மாசத்துக்கு பரிந்துரைச்சாங்க. நீங்களா வாங்கிப் போடாதீங்க, நோய் ஏற்கனவே வரலன்னு உறுதி பண்ணணும், வீட்டுல இருக்கிற நோயாளியோட கிருமி இந்த மருந்துக்கு அடங்குமான்னும் பாக்கணும். மூட்டுவலி, தசைநார் வலி வந்தா உடனே சொல்லணும்.

அந்தப் பொண்ணோட தம்பி இப்ப இதுல நாலாவது மாசம். மூட்டுவலி கொஞ்சம் இருக்குன்னு போன வாரம் வந்தான், செக் பண்ணிட்டு மருந்த தொடரச் சொல்லியிருக்கேன், அடுத்த மாசம் திரும்ப எக்ஸ்ரே.