கத்தரியின் காட்டு உறவுக்கு நிலம் விட்டால் சட்டம் என்ன தரும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்து வரப்பில் நடந்தால் முழங்கால் உயரத்தில் ஒரு முள்செடி கண்ணில் படும். ஊதாப் பூ, பச்சையில் வரி ஓடிய குட்டிக் காய், பழுத்தால் மஞ்சள். இப்படிப்பட்ட செடிகளை சுலு மக்கள் இன்டுமா என்பார்கள். முள்ளை விலக்கிப் பூவை மட்டும் பாருங்கள், வீட்டுக் கொல்லைக் கத்தரிப்பூவேதான். டர்பன் மார்க்கெட்டில் பிரிஞ்சால் என்று வாங்குகிறோமே, அதன் காட்டு உறவு இது.

அதே வரப்பில் விரல் விரலாகக் கதிர் பிரிந்த ஒரு புல்லும் இருக்கும். கேழ்வரகு இந்தப் புல்லிலிருந்து வந்ததுதான். கொஞ்சம் தள்ளி, உழாமல் விட்ட புல்வெளியில் காட்டுத் தட்டைப்பயறு கொடியாகப் படர்ந்திருக்கும். காய் முற்றினால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறிவிடும்.

1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனில் நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊரில் விளைவித்த கேழ்வரகு, சோளம், கம்பு, தட்டைப்பயறு எல்லாமே அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் போனவை. அந்தப் பயிர்களின் காட்டுச் சொந்தங்கள் இருக்கும் கண்டத்துக்கே அவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் கரும்பும் வீட்டுமனைகளும் தின்றது போக அந்தப் புல்வெளியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

விதை வங்கியில் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டோரியாவில் வங்கி இருக்கிறது, அதுவும் வேண்டும். ஆனால் குளிர்பெட்டியில் வைத்த விதை வைத்த நாளிலேயே நின்றுவிடும். நிலத்தில் நிற்கும் செடிதான் ஆண்டுதோறும் புதுப் பூச்சியையும் புது வறட்சியையும் தாங்கிப் பழகுகிறது. தென்னாப்பிரிக்காவையே சொந்த ஊராகக் கொண்ட இன்னொரு முள்கத்தரி இனத்திலிருந்து, வாடல் நோயைத் தாங்கும் குணத்தைச் சாகுபடிக் கத்தரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். காட்டுச் செடி போய்விட்டால் அப்படிப்பட்ட குணத்தைத் தேடிப் போக வேறு இடம் இல்லை. அதனால்தான் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், சாம்பியா மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சேர்ந்து வேலை செய்து, பயிர்களின் காட்டு உறவுகளைக் காக்க நாட்டுக்கொரு செயல்திட்டம் எழுதின.

சரி, நிலம் வைத்திருப்பவருக்கு இதில் என்ன? காட்டுக் கத்தரிக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. வழி, 2003ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்திலும் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்திலும் இருக்கிறது. இவற்றை வைத்து, நில உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு இயற்கையைக் காக்க நடப்பதுதான் பயோடைவர்சிட்டி ஸ்டூவர்ட்ஷிப் திட்டம். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இதற்குப் போக வேண்டிய இடம் எசெம்வெலோ வனவிலங்குத் துறை. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தனியார் நிலத்தை இயற்கைக் காப்பகமாக அறிவிக்க உரிமையாளரின் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

முதலில் அதிகாரிகள் வந்து நிலத்தைப் பார்ப்பார்கள். அரிய செடியோ அழிந்துவரும் புல்வெளியோ இருந்தால்தான் மேல்நிலைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். மேல்நிலை என்பது இயற்கைக் காப்பகம். அறிவிப்பு வெளியாகும் முன் மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் உரிமைப் பத்திரத்தில் பதிவாகும். நாளை நீங்கள் நிலத்தை விற்றாலும் வாங்கியவரை அது கட்டுப்படுத்தும். கையெழுத்துப் போடும் முன் இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வரக்கூடாது. காப்பகத்துக்குக் கீழே, கட்டுப்பாடு குறைவான பாதுகாக்கப்பட்ட சூழல், அதற்கும் கீழே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் என்று படிகள் உண்டு.

பணப் பயன் படிக்குப் படி மாறும். குறைந்தது 99 ஆண்டுக்குக் காப்பகமாக அறிவித்து, அது உரிமைப் பத்திரத்தில் ஏறியிருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 37டி பிரிவு நில மதிப்பில் 4 விழுக்காட்டை ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து கழிக்க விடுகிறது, 25 ஆண்டுகளுக்கு. 20 லட்சம் ராண்ட் மதிப்புள்ள நிலம் என்றால் ஆண்டுக்கு 80,000 ராண்ட். இது கைக்கு வரும் பணம் அல்ல, வரி போடும் வருமானம் அவ்வளவு குறைகிறது. வருமான வரியே கட்டாத கோவில் அறக்கட்டளைக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அவர்களுக்குப் பயன்படக்கூடியது ரேட்ஸ், அதாவது நகராட்சிச் சொத்து வரி விலக்கு. காப்பகத்தில் கட்டடம், விவசாயம், வியாபாரம், குடியிருப்பு இல்லாத பகுதிக்கு நகராட்சி ரேட்ஸ் போடக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டம் சொல்கிறது. 99 ஆண்டு பெரிதாகத் தெரிந்தால், பல்லுயிர்ச் சட்டப்படி குறைந்தது 5 ஆண்டுக்கு மேலாண்மை ஒப்பந்தம் போடலாம். அந்த நிலத்திலோ அதை ஒட்டியோ தொழில் செய்பவர், பராமரிப்புச் செலவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

நிலத்தைச் சும்மா விட்டால் காடு தானே வளரும் என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரைப் பக்கம் சும்மா விட்ட நிலத்தில் வளர்வது லன்டானா, குரோமொலீனா என்னும் வெளிநாட்டுக் களைப்புதர்கள்தான். லன்டானாவைத் தமிழ்நாட்டில் உண்ணிச்செடி என்பார்கள். ஒரு புதர் அகலம் அது படர்ந்தால் அடியில் புல்லும் இல்லை, பயற்றுக்கொடியும் இல்லை, நிழலும் சருகும்தான். இரண்டையும் கட்டுப்படுத்துவது எல்லா நில உரிமையாளருக்கும் ஏற்கெனவே சட்டக் கடமை. வேரோடு பிடுங்கி, மறுபடி முளைத்ததை மறுபடி பிடுங்க வேண்டும். புல்வெளிக்கு அவ்வப்போது தீயும் தேவை, ஆனால் அது மேலாண்மைத் திட்டத்தின்படி, பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய தீ.

அப்புறம், கம்பெனிக்காரர் வந்து செடி கேட்டால்? உள்நாட்டுத் தாவரத்தை வைத்து வணிகப் பொருள் உருவாக்குவோர் அனுமதி வாங்க வேண்டும், நிலம் திறந்துவிட்டவரோடும் அந்த அறிவைக் காத்த சமூகத்தோடும் பலனைப் பங்கிட வேண்டும் என்பது பல்லுயிர்ச் சட்டத்தின் 6ஆம் அத்தியாயம். ரூய்போஸ் தேயிலைத் தொழில், கொய், சான் பழங்குடி மக்களுக்குப் பண்ணை விலையில் 1.5 விழுக்காடு தருவதாக 2019இல் ஒப்பந்தம் ஆனது இந்த வழியில்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பன்னாட்டு உணவுப் பயிர் மரபுவள ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை இந்த அத்தியாயம் விட்டுவிடுகிறது. கத்தரி, தட்டைப்பயறு, கேழ்வரகு, சோளம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் வரப்புச் செடிகளுக்கு இந்தப் பங்கை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். உங்கள் நிலத்துக்குள் வர உங்கள் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் மாறாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸில் சின்ன மனை வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பந்தமெல்லாம் பொருந்தாது. ஆனால் உங்கள் மனையின் பின்பக்கம் டிமாஸ் என்னும் டர்பன் மாநகராட்சியின் பசுமை வலையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் கட்டும் முன் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும். செடி பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் தேசியப் பல்லுயிர் நிறுவனம் நடத்தும் குரூ என்ற தன்னார்வலர் குழுவில் சேரலாம். அரிய செடிகளைத் தேடிப் பதிவு செய்வதுதான் அவர்கள் வேலை. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள். முள்கத்தரிப் பழத்தை மட்டும் வாயில் வைக்காதீர்கள், நஞ்சு உண்டு. குழந்தைகளோடு போனால் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

எசெம்வெலோவுக்கு எழுதுவதாக இருந்தால், உரிமைப் பத்திர நகலையும் நிலப்படத்தையும் வைத்துக்கொண்டு, வந்து பார்க்கும் நாளைக் கோடையில் கேளுங்கள். நவம்பர் மழைக்குப் பிறகுதான் புல் கதிர் விடும், பயற்றுக்கொடி பூக்கும். ஜூலையில் வந்து பார்த்தால் காய்ந்த வைக்கோல்தான் தெரியும்.