எட்டிகெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ‘எத்திக்கெத்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒயின் பாட்டிலில் ஒட்டிய தாளையோ, புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டையோ காட்டுவார். அதே சொல்லை ஆங்கிலம் வழியாக ‘எட்டிகெட்’ என்று கற்றவரோ, கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். சொல் ஒன்றுதான்.

ஒட்டுதல், செருகுதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது இது. நம் பஸ் டிக்கெட்டும் இதற்கு உடன்பிறப்பு. அரசவையில் யார் எங்கே நிற்பது, யார் முதலில் வணங்குவது என்ற விதிகளுக்கும் பிறகு இந்தப் பெயரே நிலைத்தது. பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டக்காரர் ‘புல்லை மிதிக்காதே’ என்று பலகை நட்டதுதான் தொடக்கம் என்பார்கள். கேட்கச் சுவையான கதை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இச்சொல்லை முதலில் எடுத்தாண்டவர்களில் ஒருவர், மகனுக்குக் கடிதம் எழுதிய ஒரு தகப்பனார். ஆங்கிலேயரான செஸ்டர்ஃபீல்டு பிரபு 1737 தொடங்கி, 1768-ல் மகன் இறக்கும்வரை, எப்படிப் பேசு, எப்படி நட என்று எழுதிக்கொண்டே இருந்தார். போப்பின் காலணியை முத்தமிடுவதானாலும் சரி, அந்த அவையின் எட்டிகெட் கேட்பதைத் தயங்காமல் செய் என்பது 1750-ல் எழுதியது. புன்னகை செய்யலாம், சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே கேட்கக் கூடாது என்றும் சொன்னார். கடிதங்கள் 1774-ல் அச்சேறின. நடன வாத்தியாரின் நளினத்தைத்தான் இவை கற்றுத் தருகின்றன என்று ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் கடிந்துகொண்டார். அதோடு அவர் சேர்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, யாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் கணக்காக இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மரியாதை’ வடசொல், எல்லை, கரை என்பது அதன் மூலப்பொருள். ‘இங்கிதம்’ என்பதும் அப்படியே. முகக்குறிப்பு என்ற பொருளில் தொடங்கி, குறிப்பறிந்து நடப்பதாக வளர்ந்தது. நூறு வெண்பாவில் நடத்தை விதிகளை அடுக்கும் ஆசாரக்கோவையின் பெயரிலேயே வடசொல் இருக்கிறது. விருந்தினர், மூத்தோர், பிள்ளைகளுக்கு ஊட்டாமல் உண்ணாதே என்று அது சொல்வது நல்ல எட்டிகெட்தான். ‘பண்பு’ தமிழ்ச்சொல், ஆனால் அது உள்ளே இருப்பது. பண்பில்லாதவனும் எட்டிகெட் தவறாமல் நடக்கலாம்.

என் கணக்கில் பொருந்துவது ‘முறை’. “சபையில முறையா நடந்துக்கப்பா” என்று நம் வீட்டு அப்பாக்கள் சொல்வது இதைத்தானே! வரிசை, உறவு, ஒழுங்கு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. யார் முதலில், யார் பிறகு என்ற அரசவைக் கேள்விக்கும் இது சரியாக உட்காரும். ‘கோர்ட் எட்டிகெட்’ அவைமுறை. ‘டேபிள் எட்டிகெட்’ பந்திமுறை; பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்குமுன் எழாமல் இருப்பதும் அதில் சேர்த்தி.