நியாய வாடகை: சொல் விளக்கம்

வீட்டுக்காரர் கேட்கும் தொகைக்கும் குடியிருப்பவர் தரக்கூடிய தொகைக்கும் இடையே வழக்கு எழுந்தபோது, சட்டம் வகுத்த கணக்கின்படி அலுவலர் ஒருவர் முடிவு செய்த தொகைக்குத் தமிழ்நாட்டில் 2019 வரை ‘நியாய வாடகை’ என்று பெயர். கட்டடங்களின் குத்தகையையும் வாடகையையும் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம், தன் 4ஆம் பிரிவில் இதற்கு இடம் தந்தது. மனுவை விசாரித்தவர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர்; சென்னையில் அந்தப் பொறுப்பைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதிகள் வகித்தனர்.

இத்தொடரின் இரு சொற்களுமே வடமொழி வழி வந்தவை. நியாயம் என்பது நெறி, முறை, நீதி ஆகிய பொருள்களில் நெடுங்காலமாகத் தமிழில் வழங்கிவரும் சொல். வாடகை, கூலி அல்லது கட்டணம் என்று பொருள்படும் ‘பாடகம்’ என்ற வடசொல்லின் திரிபு என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. கன்னடத்தின் பாடிகெ, தெலுங்கின் பாடுக, மலையாளத்தின் வாடக, இந்தியின் பாடா எல்லாம் ஒரே குடும்பம். வண்டி, பந்தல், பாத்திரம், வீடு என எதை இரவலாக எடுத்துப் பணம் கொடுத்தாலும் இன்று நாம் வாடகை என்றே சொல்கிறோம். வீட்டுக்கு மட்டும் உரியதாகத் தமிழில் ‘குடிக்கூலி’ இருந்தது. பேச்சில் அது ‘குடக்கூலி’ ஆயிற்று, மூத்தோர் சிலரிடம் இன்றும் அதைக் கேட்கலாம். குடிபுகுதல், குடித்தனம், குடியிருப்பு என்று வீடும் குடும்பமும் பிரியாமல் நிற்கும் ‘குடி’ இச்சொல்லில் இருப்பதால், பொருளை இரவல் வாங்குவதற்கும் ஒரு குடும்பம் தங்கி வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை இது காக்கிறது. இதை நாம் கைவிட்டது பேரிழப்பு என்றே கருதுகிறேன்.

நியாயமான வாடகை என்ற கருத்து சட்ட மொழியில் பெயர் பெற்றது வீட்டுக்காக அன்று, விளைநிலத்துக்காக. அயர்லாந்தின் குத்தகை உழவர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக 1881இல் வந்த நிலச் சட்டம், நீதிமன்றம் வகுக்கும் வாடகை 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று உறுதியளித்தது. சென்னை மாநிலத்திலும் 1956இல் பயிரிடும் குத்தகைதாரர் செலுத்த வேண்டிய நியாய வாரத்தை, அதாவது நிலவுடைமையாளருக்கு உரிய குத்தகைப் பங்கை, வரையறுக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நகர வீடுகளுக்கோ இரண்டாம் உலகப் போரின்போதே, 1941இல், வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களின் இடத்தை 1960ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றது.

‘நியாயம்’ எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதே இச்சொல்லை அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய கேள்வி. மனையின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும், வசதிகளின் மதிப்பையும் கூட்டி, அந்த மொத்தத்தில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடும் பிற பயன்பாட்டுக்கு 12 விழுக்காடும் நியாய வாடகை எனச் சட்டம் வகுத்தது. மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000, மாதத்துக்கு 15,000 ரூபாய். இக்கணக்கில் குடியிருப்பவரின் வருமானம் எங்கும் நுழையவில்லை. மனை விலை ஏற ஏற நியாய வாடகையும் ஏறியதால், வாடகையைக் குறைக்கக் குடியிருப்போர் மனுப் போட்டது போலவே, உயர்த்திக்கொள்ள உரிமையாளர்களும் இதே பிரிவின்கீழ் மனுப் போட்டார்கள். ஏழைக்குக் காப்பாக எண்ணப்பட்ட சொல், உண்மையில் கட்டடத்தின் மதிப்புக்கு உரிய வரவைக் குறித்தது.

ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது இன்னும் எட்டாமல் நின்றது. ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்து, கிணற்றையும் கழிப்பறையையும் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட அவ்வீடுகளில் வாய்ப்பேச்சே ஒப்பந்தம். ரசீது இல்லாதவர் தாம் கொடுத்த வாடகையை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று. மனுப் போட்டபின் அதே வீட்டில் வீட்டுக்காரர் முகத்தில் விழித்துக் காலம் தள்ளுவது அதைவிடக் கடினம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அதனோடு நியாய வாடகைக் கணக்கும் போயிற்று. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகையே இப்போது வாடகை. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது இச்சட்டம். ஆனால், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகலாம் என்ற விதியும் இதில் உண்டு. வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு இது நேரடியான ஆபத்து.

தமிழாக்கத்துக்கு வருவோம். நியாய வாடகைக்குத் ‘தக்க குடிக்கூலி’ என்பது பொருந்தும். “தக்கார் தகவிலர்” என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் அதே ‘தகு’ என்னும் அடியே இங்கும் நிற்கிறது. வருமானத்தை அளவாகக் கொண்ட வாடகையை இதே பெயரால் அழைத்தால் குழப்பமே மிஞ்சும். அதற்கு மக்கள் நாவில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: “இந்த வாடகை நமக்குக் கட்டுபடியாகாது” என்று வீடு தேடி அலைபவர் சொல்கிறாரே, அந்தக் ‘கட்டுபடி’. அமெரிக்காவின் பொதுக் குடியிருப்புகளில் குடும்ப வருமானத்தின் 25 விழுக்காட்டுக்குமேல் வாடகை வாங்கலாகாது என 1969இல் கொண்டுவந்து, 1981இல் 30 விழுக்காடாக உயர்த்திய வரம்பு, இவ்வகையைச் சேர்ந்தது. அதைக் ‘கட்டுபடிக் குடிக்கூலி’ எனலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 விழுக்காட்டுக் கணக்குக்கு அப்பெயர் பொருந்தாது.