கதவில் சிற்றியின் கடிதமா? சுவரைத் திறவுங்கள்

போன பனிக்காலத்தில் ஒருவர் மளிகைக்கடைப் பையொன்றுக்குள் மூன்று கடதாசிகளை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கனடாவின் ரொறொன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் பழைய பங்களோ வீடு. அதன் பேஸ்மென்ற்றை, அதாவது நிலக்கீழ்த் தளத்தை, சிற்றியின் பெர்மிற் (நகரசபை அனுமதி) இல்லாமல் வாடகை வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. மனிசிக்கு இன்னும் காட்டேல்லை" என்றார்.

முதலாவது, சிற்றியின் கட்டட இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆளில்லாததால் கதவில் செருகிவிட்டுப் போன துண்டு. இரண்டாவதும் அதுதான். மூன்றாவது, ஓடர் எனப்படும் உத்தரவு. முதல் துண்டுக்கும் ஓடருக்கும் இடையில் ஏழு கிழமை. அந்த ஏழு கிழமைக்குள் அவர் பேஸ்மென்ற்றில் மிச்சமிருந்த ட்றைவோலை (சுவரை மூடும் ஜிப்சம் பலகையை) அடித்து, பூசி, பெயின்ற்றும் அடித்து முடித்திருந்தார். "வேலை முடிஞ்சா அவையாலை என்ன செய்யேலும் எண்டு நினைச்சன்" என்றார்.

ரொறொன்ரோப் பகுதியில் வீட்டு வேலைகளுக்கு வரைபடம் கீறி, பெர்மிற் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஓடரோடு வருகிற எங்கள் சனத்திடம் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இந்த அவசர மூடல்தான். இன்ஸ்பெக்டருக்கு உங்கள் பெயின்ற்றும் தரை ஓடும் பொருட்டல்ல. ட்றைவோலுக்குப் பின்னால் இருக்கும் குழாய், வயர், இன்சுலேஷன், கதவுக்கு மேல் சுமை தாங்கும் உத்தரம், இவற்றைத்தான் அவர் பார்க்க வேண்டும். பார்க்க முடியாததற்கு அவர் கையெழுத்து வைக்க மாட்டார். மூடியதைத் திறக்கச் சொல்லித் தனி ஓடர் போடவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அவசரமாக மூடியவர் ட்றைவோலுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார், உடைக்கிற கூலி வேறு.

ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கான சட்டம் 1992ஆம் ஆண்டின் கட்டடக் கோவைச் சட்டம். பெர்மிற் இல்லாமல் கட்டவோ, கட்டுவிக்கவோ கூடாது என்கிறது அதன் 8ஆம் பிரிவு. 'கட்டுவிக்கவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொன்ராக்டர் செய்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது, வீட்டுக்காரரும் பொறுப்பு. வழக்காகிக் குற்றம் நிரூபணமானால் தனிநபருக்கு முதல் தடவை 50,000 டொலர் வரைக்கும், அதன் பிறகு 100,000 டொலர் வரைக்கும் தண்டம் விதிக்கலாம். அந்த எண்ணைக் காட்டித்தான் ஆட்கள் ஒருவரையொருவர் பயமுறுத்துகிறார்கள். ஆனால் ஓடர் என்பது தண்டச் சீட்டு அல்ல. என்ன பிழை, எதைச் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்று எழுதிய கடதாசி. என் அனுபவத்தில் நீதிமன்றம்வரை போனவை, கடிதத்துக்கு மறுமொழியே சொல்லாமல் இருந்தவர்களின் கோப்புகள்தான்.

அவரிடம் முதலில் செய்யச் சொன்னது ஒரு தொலைபேசி அழைப்பு. ஓடரின் அடியில் இன்ஸ்பெக்டரின் இலக்கம் இருக்கும். "கடிதம் கிடைத்தது, வேலையை நிற்பாட்டிவிட்டேன், வரைபடம் கீற ஆளைப் பிடித்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். என்ன நடந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். முந்தின சொந்தக்காரர் செய்தது என்று சொல்லிப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். புது ட்றைவோலின் வெள்ளையும், குழாயில் அச்சடித்திருக்கும் திகதியும் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டன. வேலை நகர்கிறது என்று தெரிந்தால் கூடுதல் கால அவகாசம் தருகிற இன்ஸ்பெக்டர்களைத்தான் நான் பெரும்பாலும் சந்தித்திருக்கிறேன்.

'அவரை உள்ளே விடவேண்டுமா?' என்று கேட்பார்கள். உடனடி ஆபத்து போன்ற சில நிலைமைகளைத் தவிர, குடியிருக்கும் வீட்டுக்குள் உங்கள் சம்மதமோ நீதிமன்ற வாரண்டோ இல்லாமல் அவர் வர முடியாது. அது உங்கள் உரிமை. ஆனால் மறித்துக்கொண்டிருந்தால் ஓடர் போய்விடாது. ஓடரே பிழை என்று நீங்கள் நினைத்தால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஓடர் போட்ட நாளிலிருந்து 20 நாள்தான் இருக்கிறது, சட்டத்தரணியிடம் உடனே கதையுங்கள்.

எல்லா வேலைக்கும் பெர்மிற் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயின்ற் அடிப்பது, தரை மாற்றுவது, அதே அளவில் யன்னல் மாற்றுவது போன்றவற்றுக்கு வேண்டாம். ரொறொன்ரோ நகரசபை எல்லைக்குள், கட்டமைப்பில் கை வைக்காமல், புதுக் குழாய் போடாமல், தனி வீடாக மாற்றாமல் பேஸ்மென்ற்றை முடிப்பதற்கும் வேண்டாம். பக்கத்து நகரங்களில் இது மாறும், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில்: பக்கச் சுவரை வெட்டிப் புதுக் கதவு, கீழே புதுக் குளியலறை, கீழே இரண்டாவது குசினி. இவர் மூன்றையுமே செய்திருந்தார். கொன்கிறீற் வெட்டும் வாள் இரண்டு நாள் கத்தியதில் யாரோ சிற்றியின் முறைப்பாட்டு இலக்கமான 311க்கு அடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று அவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை விடச் சொன்னேன். அந்த வீட்டின் சுவர் இவருடைய சுவரிலிருந்து ஏழடி தூரத்தில் இருக்கிறது. நெருப்புப் பிடித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிறகு திறந்தோம். எங்கே திறப்பது என்று நானும் அவரும் கூரை, சுவர் எல்லாம் பென்சிலால் அடையாளம் போட்டோம். சிற்றி சொல்லமுன் நாமே திறந்தால், எங்கே, எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும்.

பக்கக் கதவுக்கு மேல் செங்கல்லைத் தாங்க இரும்பு உத்தரம் இருக்க வேண்டும். அங்கே இருந்தது இரண்டு மரத்துண்டு. மேலே செங்கல் வரிசையில் தலைமயிரளவு வெடிப்பு ஏற்கெனவே விழுந்திருந்தது. பதிவுபெற்ற பொறியியலாளர் வந்து கணக்குப் போட்டு, கடிதம் தந்து, இரும்பு வைத்தோம். குளியலறைக் கழிவுக்குழாய் கொன்கிறீற் தரைக்குக் கீழே. இரண்டு இடத்தில் தரையை வெட்டிக் காட்டினோம், ஒரு இடத்தில் சரிவு காணாது, மாற்ற வேண்டியிருந்தது. கூரை லைற்றுகளை இணைத்தவருக்கு லைசென்ஸ் இல்லை. மின்வேலைக்குச் சிற்றி பெர்மிற் அல்ல, ஈ.எஸ்.ஏ என்று சொல்லப்படும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து அவர்களின் பரிசோதகரை வரவழைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள மின் கொன்ராக்டர் ஒருவர் பொறுப்பெடுத்து, மூன்று இணைப்புப் பெட்டிகளைத் திரும்பச் செய்தார்.

யன்னல்தான் அவருக்குப் பெரிய செலவு. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து அவசரத்துக்கு வெளியேற வழி வேண்டும். நேராக வெளியே போகும் கதவு, இல்லையென்றால் திறந்தால் குறைந்தது 0.35 சதுர மீற்றர் இடைவெளி தரும் யன்னல். அதன் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கருவி, சாவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே குழிக்குள் திறப்பதானால் அதன் முன்னால் 550 மில்லிமீற்றர் இடம் இருக்க வேண்டும். இவருடைய பக்கக் கதவுப் படி மேல்வீட்டுக்கும் பொதுவானது, ஆகவே யன்னலைப் பெருப்பிக்கச் சொன்னேன். அத்திவாரச் சுவரை வெட்ட வேண்டும் என்றதும் முகம் சுண்டிப்போனது. "அவ்வளவு தேவையோ தம்பி?"

தேவை என்றேன். கனடாவுக்கு வந்த முதல் வருடம் நான் படுத்தது ஒரு பேஸ்மென்ற்றில். எங்களில் எத்தனை பேர் அப்படி. அந்த அறையின் யன்னல் சப்பாத்துப் பெட்டி அளவு. அதைப் பற்றி அப்போது யோசிக்கத் தெரியவில்லை. இப்போது கீழே வாடகைக்கு வருகிற பிள்ளைக்கும் தெரியாது. அதை யோசிக்க வேண்டியது வீட்டுக்காரர்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். விற்பனை விளம்பரங்களில் 'பேஸ்மென்ற்றின் ரெட்ரோஃபிட் நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை' என்று ஒரு வரி வரும். ரெட்ரோஃபிட் என்பது தீப் பாதுகாப்புக் கோவையின் 9.8ஆம் பகுதி. 1994 ஜூலை 14க்கு முன்பே இரண்டு வீடாக இருந்தவற்றுக்கானது. நேற்று வெட்டின கதவை அந்தச் சொல் காப்பாற்றாது. அந்த வரியைக் கண்டால், பெர்மிற் எடுத்து முடித்த கடதாசி இருக்கிறதா, முடிக்காத ஓடர் இருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணி மூலம் சிற்றியிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வாங்கினபின் ஓடர் உங்கள் தலையில். பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கொடுத்திருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நட்டம் வரும்போது கையை விரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும்.

'பெர்மிற் எடுத்தால் சிற்றி இரண்டாவது வீட்டுக்கு விடாது' என்ற கதையை இப்போதும் கேட்கிறேன். 2022 நவம்பரில் வந்த மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, நகர நீரும் கழிவுக்குழாயும் உள்ள பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று அலகுகள்வரை அனுமதி உண்டு. வீட்டு விண்ணப்பம் குறையில்லாமல் இருந்தால் 10 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஓடருக்குப் பிறகு கேட்டால் மேலதிகக் கட்டணமும் விழும் என்பதுதான் வித்தியாசம்.

இவருக்கு எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் பிடித்தது. சட்டகம், குழாய், இன்சுலேஷன், தீத் தடுப்பு என்று ஒவ்வொரு கட்டமாக இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகே மூடினோம். கடைசிப் பரிசோதனை நாளில் இன்ஸ்பெக்டர் பேஸ்மென்ற்றுப் படுக்கையறையில் இருந்த புகை எச்சரிப்பானின் பொத்தானை அமத்தினார். எல்லாம் ஒன்றோடொன்று இணைத்திருந்ததால் மேல்வீட்டிலும் சேர்ந்து கத்தியது. "என்னப்பா, கீழை என்ன நடக்குது?" என்று மனிசி படித் தலைப்பில் வந்து நின்று கேட்டார். இன்ஸ்பெக்டர் தன் தாளில் ஒரு சரி போட்டார்.